மதகு மூலைத் தாழைக்கோழி

காட்டோரக் குளத்தில் ஒரு தாழைக்கோழியும் ஒரு விரால் மீனும் அண்டை வீட்டுக்காரிகளாக இருந்தன. கோழிக்கு மதகோரக் கோரைப்புல்லில் கூடு. விராலுக்கு அதன் அடித் தண்ணீரில் வீடு. நாரை வந்தால் கோழி கத்தும். விரால் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு ஆழத்துக்குப் போய்விடும்.

அந்தக் குளத்தில் ஒரு வழக்கம் உண்டு. முந்தைய வருடம் வெள்ளத்தோடு வந்த ஆகாயத்தாமரை குளத்தையே மூடியது. மீன்கள் கொத்துக் கொத்தாகச் செத்தன. விராலுக்கு ஒரு குஞ்சுகூட மிஞ்சவில்லை. எருமையும் ஆமையும் நண்டுகளும் கோடை முழுக்கப் பாடுபட்டு அந்தச் செடிகளைப் பிடுங்கி எறிந்தன. அன்றிலிருந்து, விடிந்ததும் ஆளுக்கொரு மூலையைச் சுற்றிப் பார்த்து, "சுத்தம்!" என்று குரல் கொடுக்க வேண்டும். ஒரு செடி தென்பட்டாலும் சொல்லிவிட வேண்டும். மதகு மூலை தாழைக்கோழியின் பொறுப்பு.

ஒருநாள் காலையில் மதகு வழியாக ஒரே ஒரு செடி மிதந்து வந்தது. ஊதாப்பூ வைத்துக்கொண்டு, புது மருமகள் மாதிரி மெல்ல வந்தது. கோழி அதன்மேல் ஏறிப் பார்த்தது. மெத்தென்று இருந்தது. தண்ணீர் ஏறினால் கூடவே ஏறும். போன மழையில் கோழியின் கூடு முட்டையோடு முழுகிப்போயிருந்தது. அந்த வயிற்றெரிச்சல் அதற்கு இன்னும் ஆறவில்லை.

'ஒண்ணே ஒண்ணுதானே! இதுமேல கூடு கட்டிக்கறேன். குஞ்சு பொரிச்சதும் நானே பிடுங்கிப் போட்டுடறேன்' என்று நினைத்துக்கொண்டது.

"மதகு மூலை?" என்று கரையிலிருந்து ஆமை கேட்டது.

"சுத்தம்!" என்றது கோழி.

முதல் பொய்க்குத்தான் தயக்கம். மறுநாள் அதே பொய் தங்குதடையில்லாமல் வந்தது.

செடி குட்டி போட்டது. குட்டிகளும் குட்டி போட்டன. ஒரு மாதத்தில் கோரைக்குப் பின்னால் பச்சைப் பாய் விரிந்துவிட்டது. நட்டநடுவில் கூடு, கூட்டில் ஆறு முட்டை.

"அக்கா, தண்ணி என்னவோ புழுங்குது! பிள்ளைங்க சோர்ந்து சோர்ந்து போகுதுங்க. மேல என்னன்னு கொஞ்சம் பாரேன்!" என்றது விரால்.

"வெயில் காலம்டி! ரெண்டு மழை பெஞ்சா சரியாயிடும்!"

விரால் நம்பியது. நம்பாமல் என்ன செய்யும்? மேலே பார்க்கும் வேலை கோழியுடையதாயிற்றே.

அன்று மத்தியானம் காற்று திரும்பியது. பாய் நகர்ந்து விரால் வீட்டின்மேல் வந்து நின்றது. விரால் இனம் அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் காற்று குடித்தாக வேண்டும். அடைகாத்துக்கொண்டிருந்த கோழியின் வயிற்றுக்கு நேர் கீழே, வேர்களில் டொக் டொக்கென்று எதுவோ முட்டியது. விரால் குஞ்சுகள்தான்!

"அக்கா! மேல வர வழியே இல்லையே! எந்தப் பக்கம் திறப்பு இருக்கு? சொல்லேன்!"

கோழி குனிந்து கூட்டைப் பார்த்தது. சொன்னால் தன் முட்டைகள் போய்விடும். சொல்லாவிட்டால் அந்தச் சத்தம் நின்றுபோகும். அதை நினைத்ததுமே வாய் தானாகத் திறந்தது.

"மதகு மூலை சுத்தமில்லை! ஓடி வாங்க! ஒரு மாசமா நான் சொன்னது பொய்!"

எருமை தண்ணீரில் இறங்கிக் கொம்பால் வாரி இழுத்தது. நண்டுகள் வேரை அறுத்தன. ஒரு துண்டு மிஞ்சினாலும் முளைக்கும் என்பதால் ஆமை பின்னாலேயே பொறுக்கிக்கொண்டு வந்தது. திறந்த தண்ணீரில் விரால் தலை தூக்கியது. பாதிக் குஞ்சுகள்தான் கூட வந்தன.

எருமையின் கொம்பு கூட்டருகே போயிற்று. கோழி கண்ணை மூடிக்கொண்டது.

"கூடு இருக்கிற செடியை மட்டும் விடுங்க. முட்டை இருக்கு. பொரிக்கிற வரைக்கும் செடி பரவாம நண்டுங்க காவல் இருக்கட்டும்" என்றது ஒரு குரல்.

சொன்னது விரால்.

கோழி வாய்விட்டு அழுதது. குஞ்சுகள் பொரித்த அன்றே அந்தச் செடியைத் தானே கரைக்கு இழுத்துப்போய் வெயிலில் போட்டது.

இப்போதும் விடிந்ததும் அது "சுத்தம்!" என்று குரல் கொடுக்கும். உடனே விரால் தலை தூக்கி, "நல்லாப் பார்த்தியா, அக்கா?" என்று கேட்கும். கோழிக்குக் கோபம் வராது. இன்னொரு சுற்று சுற்றிவிட்டு வரும்.

காவல் காப்பவர் தன் வசதிக்காக ஒரு கண்ணை மூடிக்கொண்டால், அதன் பலனை அவரை நம்பியவர்களே அனுபவிக்க நேரும்.