எந்தக் காதில் எந்தக் குரல்

"டீச்சர், என் கம்ப்யூட்டருக்கு வாய் நாலு. எந்த வாயால பேசுறதுன்னு அதுக்கே தெரியல" என்றார் சவரிமுத்து.

சவரிமுத்துவுக்கு ஐம்பத்து நாலு வயது. இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டியவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கண் முழுசாகப் போனது. இப்போது, திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் குரலை வைத்துக் கம்ப்யூட்டர் பழகுகிறார்.

சொல்லித்தர வீட்டுக்கு வரும் நூர்ஜஹானுக்கு இன்னும் முப்பது முடியவில்லை. பிறந்ததிலிருந்தே அவளுக்குப் பார்வை கிடையாது.

அன்றைக்குப் பதினோரு மணிக்கு அவருக்குப் பரீட்சை. ஒரு பஸ் கம்பெனியில் போன் விசாரணை வேலை, வீட்டிலிருந்தே பார்க்கலாம். கூப்பிடுகிறவரின் குரலும் கம்ப்யூட்டரிலேயே வரும்; அவர் கேட்கும் பஸ்ஸை அதில் தேடி உடனே சொல்ல வேண்டும். மறுபடியும் பஸ்ஸோடு சம்பந்தம் என்ற சந்தோஷத்தில், ஏழு மணிக்கே இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்துவிட்டார்.

இப்போது மணி பத்து.

மேஜை ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருக்கும் குரல் இருந்தாற்போலிருந்து நின்றுவிடுகிறது என்றார். டி.வி.யைப் போட்டால் ஹாலுக்கு ஓடிவிடுகிறது. ஹெட்போனைச் செருகினால் அதற்குள் புகுந்துகொள்கிறது. மனைவி ரோஸ்லின் சமையலறையில் புளூடூத் ஸ்பீக்கரைத் தட்டினால் அங்கே போய்விடுகிறது. நேற்று இவர் மேஜையில் ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருக்க, இவர் எழுதிய விண்ணப்பம் குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் கணீரென்று ஒலித்ததாம்.

"நாலுலயும் ஒரே நேரத்துல வர்ற மாதிரி பண்ணிக் குடுங்க. அப்புறம் எங்கயும் ஓட முடியாதுல்ல."

நூர்ஜஹான் மறுக்கவில்லை. கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

பத்து நிமிஷத்தில் நாலு இடத்திலிருந்தும் குரல் கிளம்பியது. ஹெட்போன் முந்தியது. சமையலறை அரை வார்த்தை பிந்தியது. திரையில் இருந்த விழுப்புரம் என்ற ஒரே பெயர் வீடு முழுக்க உருண்டது.

ரோஸ்லின் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

நூர்ஜஹான் தன் போனிலிருந்து அந்தக் கம்ப்யூட்டரையே கூப்பிட்டு, அரியலூருக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். அவள் குரலும் அந்த இரைச்சலில் கரைந்தது.

அவருக்குக் கேள்வியும் புரியவில்லை, பதிலும் புரியவில்லை.

நிறுத்தச் சொன்னார். கம்பெனிக்குப் போன் பண்ணி, இந்த வேலை வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா என்று கேட்டார்.

அவள் நிறுத்தினாள். வீடு அடங்கியது.

"அண்ணே, வண்டி ஓட்டும்போது கண்டக்டர் விசில் அடிப்பாரு. பின்னாலேர்ந்து லாரிக்காரன் ஹாரன் அடிப்பான். ரெண்டும் சேர்ந்து வந்தா என்ன பண்ணுவீங்க?"

அவருக்குச் சிரிப்பு வந்தது.

"இதுல என்ன இருக்கு. விசில் இடது பக்கம், படிக்கட்டுலேர்ந்து வரும். லாரி வலது பக்கமாத்தான் முந்தும்."



சொல்லி முடித்ததுமே அவர் கை அவசரமாக ஹெட்போனைத் தேடியது.

"டீச்சர், கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, குரல் போகும் இடங்களின் பட்டியலிலிருந்து டி.வி.யை எடுத்தார். புளூடூத்தை எடுத்தார். வாசிக்கும் குரலை ஹெட்போனுக்கு அனுப்பி, அதை இடது காதில் மட்டும் மாட்டிக்கொண்டார். போன் பேச்சை மேஜை ஸ்பீக்கருக்கு விட்டு, ஸ்பீக்கரைத் தூக்கி வலது ஓரத்தில் வைத்தார். இரண்டு தடவை தப்பான விசையை அழுத்தித் திருத்தினார்.



பதினோரு மணிக்கு வலது பக்கம், பரீட்சை வைக்கும் கம்பெனிக்காரரின் குரல் வந்தது. நாளைக்குச் சிதம்பரத்திலிருந்து சேலம் போக வேண்டும், மதியத்துக்கு மேல், ஜன்னல் ஓரம் கிடைக்குமா என்று கேட்டது. அது கேட்கக் கேட்க இவர் தட்டினார். இடது காதில் குரல் சன்னமாக வாசித்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. இரண்டும் தனித்தனியாகக் கேட்டன.

"ரெண்டே கால் வண்டியில பதினேழாம் நம்பர் ஜன்னல் ஓரம் காலியா இருக்கு சார். விருத்தாசலத்துல பத்து நிமிஷம் நிக்கும்."



"இவ்வளவு வேகமா இதுவரைக்கும் யாரும் சொல்லல. ஸ்கிரீனைப் பார்த்துத்தானே சொல்றீங்க?"

"இல்ல சார். கேட்டுத்தான் சொல்றேன்."