அறுவடை முகமூடி

சென்னையிலேயே பிறந்து வளர்ந்த மில் முதலாளி தணிகாசலம், உலகத்து முகமூடிகளையெல்லாம் வாங்கிக் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்தார். எதைக் காட்டினாலும் எந்த நாடு என்று சொல்லிவிடுவதாக அவருக்குப் பெருமை.

சமையல்காரி செண்பகம் தங்கையின் வளைகாப்புக்கு லீவு கேட்டாள்.

"எனக்குத் தெரியாத முகமூடி ஒண்ணு கொண்டுவா, தர்றேன்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் நடுவே, கயிற்றால் பின்னிய கூடை போன்ற ஒன்றை அவள் நீட்டினாள்.

"முகத்துல கட்டுறதுதானா?"

"ஆமாங்கய்யா."

"நியூகினியா. அறுவடைப் பூஜைக்குப் பூசாரி கட்டிப்பான்," என்றவர், அதைத் தம் வாயில் பொருத்தி, தலைக்குப் பின்னால் முடிச்சும் போட்டுக் காட்டினார். விருந்தாளிகள் கைதட்டினார்கள்.

"அறுவடைக்குத்தானுங்கய்யா," என்றாள் செண்பகம். "ஆனா எங்க ஊர்ல பூசாரி கட்டுறதில்லீங்க. களத்துல மாட்டை விட்டுப் போரடிக்கும்போது நெல்லைத் தின்னுடக் கூடாதுன்னு மாட்டுக்குக் கட்டுவோம்."

கூடமே சிரித்தது. தணிகாசலம் இழுக்க இழுக்க முடிச்சு இறுகியது.

"செண்பகம், அவுத்து விடு," என்றது கூடைக்குள்ளிருந்து குரல்.

"இதோ அவுக்கிறேனுங்க. லீவு எத்தனை நாளுன்னு மட்டும் சொல்லிடுங்க."