கபடி வர்ணனையாளரின் நரம்பு

சிறுநீர்ப்பை நிரம்பினால் சிறுநீர் தானே வெளியேறும் என்று படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். இந்தத் தவறு இன்னும் எத்தனை தலைமுறைகளைக் கெடுக்கக் காத்திருக்கிறதோ தெரியாது. இங்கேயே திருத்திவிடுவது நல்லது. தானே வழிவது குடம். சிறுநீர்ப்பை அனுமதி கேட்கும். நிரம்பிய செய்தி முதுகுத்தண்டு வழியாக மூளைக்குப் போகும். இடமும் நேரமும் சரியா என்று மூளை விசாரிக்கும். பிறகு உத்தரவு கீழே இறங்கும். அதற்கு அப்புறம்தான் கதவு திறக்கும். இரண்டு தம்ளர் நீருக்கு இவ்வளவு நிர்வாகம்.

இந்த நிர்வாகத்தை ஆராய்வதே டாக்டர் மெஹருன்னிசாவின் வேலை. நெல்லைப் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர்; வயது நாற்பத்தொன்று. அவரிடம் மாணவராகச் சேர்ந்த டாக்டர் ஞானப்பிரகாசத்துக்கு ஐம்பத்து நான்கு. இருபத்தைந்து ஆண்டுகள் அறுவை சிகிச்சை செய்துவிட்டு ஆய்வுக்கு வந்தவர். மாணவர் ஆசிரியரை மேடம் என்பார். ஆசிரியர் மாணவரை சார் என்பார்.

ஞானப்பிரகாசம் எதையும் தவறவிடாதவர். சோதனை அறையில் புனல் பொருத்திய நாற்காலி ஒன்று உண்டு. நோயாளியின் பைக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி, அதில் உட்காரவைப்பார்கள். அவர் சிறுநீர் கழிக்கும்போது பை சுருங்கினால் கணினியில் ஒரு கோடு மேலே எழும். மறைப்புத் திரை பார்வையைக் கெடுக்கிறது என்று முதல் வாரமே அதை ஓரம்கட்டினார் ஞானப்பிரகாசம். நாற்காலிக்கு இரண்டடி தள்ளி, நோட்டும் பேனாவுமாக நின்றார். செவிலியர் பிரிசில்லா கணினி முன் உட்கார்ந்தார்.

"ம்ம்… போங்க, போங்க" என்று ஞானப்பிரகாசம் ஊக்கமும் கொடுத்தார்.

அப்படியும் நாற்பது பேரில் பதினொரு பேருக்குக் கோடு எழவில்லை. 'நரம்பு செயலிழப்பு' என்று சிவப்பு மையில் எழுதிக்கொண்டார். இவ்வளவு அதிகமாக வேறு யாரும் கண்டதில்லை. அவருக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்து வந்தவர் இசக்கிமுத்து. கபடிப் போட்டிகளில் மைக் பிடிக்கும் வர்ணனையாளர். ஆட்டம் முடியும்வரை ஐந்து மணி நேரம் அடக்கிக்கொண்டே பேசுவார். ஆட்டம் முடிந்து கழிக்கப் போனால் சிறுநீர் வரத் தாமதமாகிறது, அதற்காகத்தான் மருத்துவமனைக்கு வந்தார். அவருடைய கோடும் தட்டையாகப் படுத்திருந்தது.

"வீட்டுல வருதுய்யா" என்றார் இசக்கிமுத்து.

"வயிற்றை முக்கிப் போறீங்க. அது நரம்பு வேலை இல்ல" என்றார் ஞானப்பிரகாசம்.

"முக்கவே இல்லையேய்யா."

"வீட்டில் நடப்பதற்கு வரைபடம் கிடையாது."

மறுநாள் காலை சோதனை அறையில் இருந்த மெஹருன்னிசாவிடம் கோப்பு கையெழுத்துக்கு வந்தது; இசக்கிமுத்துவும் வந்திருந்தார். கையெழுத்து விழுந்தால் இசக்கிமுத்து அன்றே பழக வேண்டும்: தினமும் நான்கு முறை, தன் கையாலேயே குழாய் செருகி நீரை வெளியேற்ற வேண்டும். ஆயுள் முழுக்க.

"மைதானத்துல நான் எங்கய்யா போயி குழாய் போடுவேன்?" என்றார் இசக்கிமுத்து. "மைக்கை வேற ஆளுகிட்ட குடுத்துட்டு வீட்டுல உக்கார வேண்டியதுதானா?"

மெஹருன்னிசா கோப்பைப் புரட்டினார். கையெழுத்துப் போடவில்லை.

ஞானப்பிரகாசம் கேட்டார்: "மேடம், நரம்பு செத்துவிட்டது என்று எப்போதுதான் உறுதியாகச் சொல்வது?"

மெஹருன்னிசா மேசையிலிருந்த தண்ணீர்க் கூஜாவை அவர் பக்கம் நகர்த்தினார்.

"குடியுங்கள் சார்."

குடித்தார். இன்னொரு கூஜா வந்தது. அதையும் குடித்தார். ஒன்றரை மணி நேரம் பழைய வரைபடங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசி அரை மணி நேரம் ஞானப்பிரகாசம் சுருக்கமாகவே பதில் சொன்னார்.

"ஒரு நிமிஷம் மேடம், வந்துடறேன்."

"எங்கே? நாற்காலி இங்கேதானே இருக்கிறது."

அவர் சிரித்தார். ஆசிரியர் சிரிக்கவில்லை. மூலையில் கிடந்த மறைப்புத் திரையை நாற்காலியைச் சுற்றி நிறுத்தினார்.

"உங்களுக்குத் திரை உண்டு. குழாயும் கிடையாது. நீர் விழும் வேகத்தை மட்டும் பார்ப்போம்."

ஞானப்பிரகாசம் உட்கார்ந்தார். திரைக்கு மேலே அவர் தலை மட்டும் தெரிந்தது. மெஹருன்னிசா இரண்டடி தள்ளி நோட்டுடன் நின்றார். பிரிசில்லா கணினி முன் உட்கார்ந்தார். "இசக்கிமுத்து, நீங்களும் வாங்க. இந்தக் கோட்டைப் பாருங்க" என்றார் மெஹருன்னிசா.

ஒரு நிமிடம் போனது.

"ம்ம்… போங்க, போங்க" என்றார் மெஹருன்னிசா.

இரண்டு நிமிடம் போனது. இசக்கிமுத்துவால் அடக்க முடியவில்லை. இல்லாத மைக்கைக் கையில் பிடித்தார்.

"அன்பான ரசிகப் பெருமக்களே! டாக்டரய்யா ரைடுக்குப் போயி ரெண்டு நிமிஷம் ஆச்சு! எதிரணி மூணு பேரு சுத்தி நிக்காங்க! கோட்டைத் தொடல… இன்னும் தொடல…"

"சும்மா இருய்யா!" என்றது தலை.

பிரிசில்லா கணினிக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார். தோள்கள் மட்டும் குலுங்கின.

கோடு அசையவில்லை. மெஹருன்னிசா சிவப்பு மைப் பேனாவை எடுத்தார்.

"நரம்பு செயலிழப்பு. எழுதட்டுமா சார்?"

திரைக்கு மேலே தலை நிமிர்ந்தது.

"எல்லாரும் கொஞ்சம் வெளியே போங்க மேடம்" என்றது.

போனார்கள். கதவு சாத்தப்பட்டது. அரை நிமிடத்தில் உள்ளே ஒரு அருவி விழுந்தது.

"பாயிண்ட்!" என்று வராந்தாவில் இசக்கிமுத்து கத்தினார்.

ஞானப்பிரகாசம் முகம் கழுவிக்கொண்டு வந்தார். யாரும் சொல்லாமலே கணினியை வராந்தாவுக்குத் தள்ளினார். ஒயர்களைக் கதவுக்கு அடியில் விட்டார். இசக்கிமுத்துவுக்கு மறுபடி குழாய் செலுத்தி, பையை நிரப்பி, நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு வெளியேறினார்.

"ஐயா, கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லையே?" உள்ளிருந்து குரல் வந்தது.

"நான் இருக்கேன்யா." ஞானப்பிரகாசம் கதவில் முதுகைச் சாய்த்து, எதிர்ச் சுவரைப் பார்த்து நின்றார்.

பிரிசில்லா கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டையாகக் கிடந்த கோடு லேசாக நடுங்கியது. பிறகு எழுந்தது. எழுந்து, குன்று போல வளைந்து, நிதானமாக இறங்கியது. புத்தகத்தில் வரைந்து வைப்பார்களே, அப்படி.

உள்ளே இசக்கிமுத்து தன் வெற்றியைத் தானே வர்ணித்துக்கொண்டிருந்தார்.

மெஹருன்னிசா கோப்பை மூடினார். "அஞ்சு மணி நேரம் அடக்காதீங்க. இடைவேளையில் போயிட்டு வாங்க. மைக்கை யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க" என்று கதவைப் பார்த்துச் சொன்னார்.

"சரிம்மா!" என்றது கதவு.

ஞானப்பிரகாசம் முதுகை எடுக்காமலே கேட்டார்:

"அந்தப் பதினொரு பேர், மேடம். அவர்களிடம் நான் எதை அளந்தேன்?"

"உங்களை."

பிரிசில்லா அன்று மாலைக்குள் பதினொரு பேருக்கும் போன் செய்து மறுபடி வரச் சொன்னார்.

மறுநாள் தச்சர் வந்தார். தாழ்ப்பாள் எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று கேட்டார். ஞானப்பிரகாசம் கொடுத்த விண்ணப்பத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: உள்பக்கம்.