யாரும் தொடாத கொடி

ஒரு பரிசுக்கு மூன்று பேர் அடித்துக்கொள்ளும் கதைகள் உங்களுக்கு நிறையத் தெரிந்திருக்கும். இது வேறு மாதிரி. பரிசு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, எடுக்கத்தான் ஆளில்லை. கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். கடைசியில் உங்களைத்தான் கேட்கப் போகிறேன்.

பாளையங்கோட்டைக்கு வெளியே மூடிக் கிடந்த பஞ்சாலை ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து, ஞாயிறு காலைகளில் ஏர்சாஃப்ட் ஆட்டம் நடத்தி வந்தாள் திலகவதி. விளையாட்டுத் துப்பாக்கி, பட்டாணி அளவு பிளாஸ்டிக் குண்டு, தலைக்கு ஹெல்மெட், கண்ணுக்குக் கண்ணாடி. இரண்டு அணி. ஆலை முற்றத்தின் நடுவில் இரும்புக் கம்பத்தில் ஒரு மஞ்சள் கொடி. திலகவதி விசில் ஊதுவதற்குள் அதை உருவி எடுக்கும் அணிக்கு வெற்றி.

இதில் ஒரு சிக்கல் உண்டு. குண்டு பட்டால் சாயம் ஒட்டாது. பட்டவன்தான் கையைத் தூக்கி "அவுட்" என்று சொல்லிவிட்டு விலக வேண்டும். அவனவன் வாய்ச்சொல்தான் தீர்ப்பு. தூக்கிய கையைப் பிறகு இறக்கவும் கூடாது. பட்டும் படாத மாதிரி ஓடுகிறவனுக்கு அங்கே எருமைத்தோல் என்று பெயர். அப்படிப்பட்டவனோடு ஆடுவதைவிட வீட்டில் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கலாம் என்பது என் கட்சி.

போன மாதம் அந்தப் பெயர் இசக்கிராஜுக்கு விழுந்தது. கூரியர் கம்பெனியில் ஆறு நாள் மூட்டை தூக்குகிறவன். ஞாயிறு ஆட்டம்தான் அவனுக்கு உயிர். அன்று கனத்த ரெக்சின் கோட்டு போட்டு வந்திருந்தான். முதுகில் மூன்று குண்டு பட்டும் அவன் கை தூக்கவில்லை என்று எதிரணி ஜெரால்டு புகார் சொன்னான். "சத்தியமா எனக்குத் தெரியலக்கா" என்று இசக்கி கெஞ்சிப் பார்த்தான். யார் நம்புவார்கள்? திலகவதி அவன் பெயரை கேட்டில் தொங்கும் கரும்பலகையில் எழுதிவிட்டாள். இன்னொரு புகார் வந்தால் அந்த ஆலைக்குள் அவன் கால் வைக்க முடியாது.

அன்றிலிருந்து இசக்கி மெல்லிய பனியனோடுதான் ஆட வந்தான். பட்டால் சுள்ளென்று வலிக்குமே என்றால், வலிக்கட்டும், அதற்குத்தான் என்பான். எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

இந்த ஆடி மாத ஞாயிறு ஒன்றில்தான் இது நடந்தது. காற்று பிய்த்து எடுத்தது. கொடிக்கம்பத்துக்கு மேலே கிளை விரித்த நாவல் மரத்தில் மைனாக்களின் கூச்சல். கீழே சிமெண்டுத் தரை முழுக்க ஊதா. ஆட்டத்தில் மிஞ்சியவர்கள் இரண்டே பேர். ஒரு பக்கம் இசக்கி, எதிர்ப்பக்கம் அதே ஜெரால்டு. மற்றவர்கள் அவுட்டாகி ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

இசக்கிக்கும் கொடிக்கும் மூன்று எட்டுதான். டிரம்முக்குப் பின்னால் பதுங்கியிருந்த ஜெரால்டிடம் மிச்சம் ஒரே ஒரு குண்டு. அதைப் போட்டு, குறி பார்த்து, விசையை இழுத்தான். 'டப்' என்றது துப்பாக்கி. அதே நொடியில் இசக்கியின் ஹெல்மெட்டில் 'டொக்'.

இசக்கி நின்றான். ஓடியிருந்தால் கொடி கையில். அவன் அணி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. அவன் கையைத் தூக்கினான்.

"அவுட்!"

ஜெரால்டு எழுந்து சாவகாசமாகக் கொடியிடம் நடந்து வந்தான். கொடியைத் தொடும் முன் துப்பாக்கியைத் தரை பார்க்கக் கவிழ்த்து உதறுவது அங்கே கட்டாயம். உதறினான். குழாய்க்குள்ளிருந்து ஒரு வெள்ளைக் குண்டு விழுந்து உருண்டது.

குனிந்து அதைக் கையில் எடுத்தான். பிறகு இசக்கியின் ஹெல்மெட்டைப் பார்த்தான். உச்சியில் ஈரமாக ஓர் ஊதாக் கறை.

"ஏ இசக்கி, என் குண்டு வெளியவே வரல லே. நீ அவுட் இல்ல. வந்து எடு."

இசக்கி தலையாட்டினான். "எனக்குப் பட்டுச்சு, தூக்கிட்டேன். தூக்குன கையை இறக்க மாட்டேன். நீயே எடு."

"படாத குண்டுக்குக் கொடியா? எனக்கு வேண்டாம்."

ஜெரால்டின் கூட்டாளி பிரகதீஷுக்குப் பொறுக்கவில்லை. ஓரத்திலிருந்து கத்தினான். "அவன்தான் கையைத் தூக்கிட்டாம்லா! சட்டம்னா சட்டந்தான். எடுலே, நேரம் போகுது!"

இருவரும் அசையவில்லை. திலகவதி விசில் ஊதிவிட்டாள். கொடி கம்பத்திலேயே படபடத்துக்கொண்டிருந்தது. எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். இப்போது நீங்கள் சொல்லுங்கள். நாவல் பழத்துக்குக் கை தூக்கிய இசக்கியா, கைக்கு வந்த கொடியை விட்ட ஜெரால்டா, சட்டத்தை நினைவூட்டிய பிரகதீஷா, இதில் யார் செய்தது சரி?

விடை: பிரகதீஷ் சொன்ன சட்டத்தில் பிழையில்லை, இசக்கி அவுட்தான். தலையில் விழுந்தது பழமா குண்டா என்று ஆராய்ந்துவிட்டுத்தான் கை தூக்குவேன் என்றால், அடுத்த வாரம் எல்லார் தலையிலும் பழம்தான் விழும். சந்தேகம் வந்ததும் தனக்கு எதிராகவே தீர்ப்புச் சொல்லிக்கொண்ட இசக்கி செய்தது சரி. ஆனால் அந்தச் சட்டம் ஜெரால்டைக் கொடியை எடுக்க விடுகிறதே தவிர, எடுத்தே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. அதனால் அவன் செய்ததும் சரி. விசில் வரை கொடியை யாரும் தொடாததால் ஆட்டம் டிரா என்றாள் திலகவதி. ஜெரால்டு அவளிடம் போய், "அக்கா, அன்னைக்கும் அவனுக்குத் தெரிஞ்சிருக்காது. என் புகாரை அழிச்சிருங்க" என்றான். அவள் உள்ளங்கையாலேயே கரும்பலகையைத் துடைத்தாள். இசக்கி அப்படியே தரையில் உட்கார்ந்து, ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டான். எனக்கும் அப்போதுதான் நிம்மதியாக இருந்தது. "அடுத்த வாரம் பழம் முடிஞ்சிரும்லா?" என்று ஜெரால்டிடம் கேட்டான் இசக்கி. "முடிஞ்சிரும். நானும் குழாயைத் துடைச்சிட்டு வாரேன். நீ அந்தக் கோட்டை மட்டும் வீட்டுலயே வச்சிரு" என்றான் ஜெரால்டு.