பூட்டின் நாக்கு உள்ளே போன கதை

அந்தக் காலத்தில் பூட்டுக்கு நாக்கு வெளியே இருந்தது. ஆடு மாடு பேசியது போலவே பூட்டும் பேசும். சாவியைத் திருப்பிவிட்டு, "ஆச்சா?" என்று கேட்க வேண்டும். பூட்டு தன் நாக்கை நிலையில் அடித்த நாதாங்கிக்குள் செலுத்திவிட்டு, "ஆச்சு" என்று சொல்லும். கேட்டவர் கிளம்பிவிடுவார். பூட்டைத் தொட்டுப் பார்க்கும் வழக்கம் யாருக்கும் கிடையாது.

சன்னாசி என்று ஒருவன் இருந்தான்; மழையை நம்பிக் கம்பு விதைக்கிறவன். புது வீடு கட்டினான். கதவுகளுக்கு வேண்டியதை வாங்க, மனைவி ஒச்சம்மாளோடு மாயாண்டி ஆசாரியின் பட்டறைக்குப் போனான்.

"ஒவ்வொரு கதவா சொல்லுங்க" என்றார் ஆசாரி.

"அடுப்படிக்கு?"

"வெளியே ஒரு தாழ்ப்பாள் போதும். பூனைக்குத்தானே பயப்படுறீங்க."

"வாசக் கதவுக்கு?"

"கை நிறையப் பிடிக்கிற மாதிரி வளையம். தலையில சுமையோட வந்தா ஒரு கையாலதானே இழுக்கணும்."

"விதை வைக்கிற அறைக்கு?"

இதற்கு மட்டும் ஆசாரி கொஞ்சம் யோசித்தார். பிறகு கறுப்பு இரும்புப் பூட்டு ஒன்றை எடுத்து முன்னால் வைத்தார். அதற்குள் சுவரில் தொங்கிய பித்தளைப் பூட்டு முந்திக்கொண்டது.

"வாங்கண்ணே, வாங்க மதினி. இந்த வெயில்லயா நடந்து வந்தீங்க? விதையா? என்கிட்ட விட்டுட்டு நிம்மதியா இருங்க."

சன்னாசிக்கு மனம் குளிர்ந்துவிட்டது. கறுப்புப் பூட்டைப் பார்த்து, "நீ என்ன செய்வே?" என்று கேட்டான்.

"பூட்டுவேன்."

"வேற ஒண்ணும் சொல்ல மாட்டியா?"

"சொன்னா நாக்கு தேயும்."

"இது உங்கப்பா மாதிரியே இருக்கு" என்றான் மனைவியிடம்.

"எங்கப்பா பூட்டின கதவு ஒரு நாளும் திறந்து கிடந்ததில்லை" என்றாள் ஒச்சம்மாள்.

ஆசாரியும் சொல்லிப் பார்த்தார். "நாக்கோட கனத்தைப் பாரு சன்னாசி. பித்தளையோடது மெல்லிசு. சாமி மாடத்துக்கு அழகா இருக்கும். விதைக்கு ஆகாது."

சன்னாசி கேட்கவில்லை. பித்தளைப் பூட்டையே வாங்கிப் போனான்.

ஆடி மாதம் வந்தது. வானம் கறுத்துக்கொண்டிருந்தது. ஒச்சம்மாளின் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தால் விதைப்பு சரியாக இருக்கும் என்று கிளம்பினார்கள். சன்னாசி சாவியைத் திருப்பினான். ஒச்சம்மாள் வழக்கம்போல அறையைப் பார்த்து, "போயிட்டு வரேன்" என்றாள்.

"ஆச்சா?" என்று கேட்டான் சன்னாசி.

"ஆச்சுண்ணே. பத்திரமா போயிட்டு வாங்க" என்றது பூட்டு.

மூன்றாம் நாள் நல்ல மழையில் நனைந்துகொண்டு வீடு திரும்பினார்கள். விதை அறை திறந்து கிடந்தது. உள்ளே பக்கத்து வீட்டு ஆடு வயிறு உப்பிப் படுத்திருந்தது. தானியக் குதிரில் ஒரு கைப்பிடி கம்புகூட இல்லை.

சன்னாசி தடியை எடுத்தான். ஆடு எழுந்திருக்கவே இல்லை.

"என்னை ஏன் முறைக்கிறே? கதவு முட்டினதும் திறந்தது. திறக்கலேன்னா திரும்பிப் போயிருப்பேன். நான் என்ன ஆசாரியா, பூட்டை உடைக்க?"

ஆடு சொன்னது நியாயம். சன்னாசி பூட்டின் பக்கம் திரும்பினான்.

"மதினிதானே போயிட்டு வரேன்னு சொன்னாங்க" என்றது பூட்டு. "போன காலோட வந்துடுவாங்கன்னு நினைச்சேன். மறுபடி திறக்கிற சிரமம் எதுக்குன்னு நாக்கை லேசா ஓரத்துல வச்சிருந்தேன்."

"ஊருக்குப் போறவ போறேன்னா சொல்லுவா?" என்றாள் ஒச்சம்மாள்.

"சரி, அப்புறம் ஏன் ஆச்சுன்னு சொன்னே?" என்று கேட்டான் சன்னாசி.

"கிளம்புறவங்ககிட்ட இல்லைன்னு எப்படிச் சொல்றது? அபசகுனமாச்சே. மரியாதைக்குச் சொன்னேன். மன்னிச்சுக்கங்கண்ணே."

மன்னித்திருக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் வீட்டு விதையை ஆடு தின்றதில்லை. அந்த ஊருக்கு விதைப்பு மழை வருஷத்துக்கு ஒன்றுதான். மழை விட்டதும் ஊரே விதைத்து முடித்தது. யாரிடமும் மிச்சம் இல்லை. மற்றவர் கம்பங்காடெல்லாம் பச்சை பிடித்து நிற்க, சன்னாசியின் காடு மட்டும் அந்த வருஷம் கோரையும் அருகம்புல்லுமாகக் கிடந்தது. அவனும் ஒச்சம்மாளும் அடுத்தவர் காட்டில் கூலிக்குக் களை எடுத்துப் பிழைத்தார்கள்.

களையெடுப்பு முடிந்த மறுநாளே பூட்டை எடுத்துக்கொண்டு ஆசாரியிடம் போனான்.

"இதன் பேச்சை நிறுத்தணும்."

ஆசாரி உலையை ஊதினார். பூட்டைப் பழுக்கக் காய்ச்சி, அதன் நாக்கை வயிற்றுக்குள்ளே திருப்பிவிட்டு, வாயை அடித்து மூடினார். இரும்புக் கொக்கி ஒன்று மட்டும் மேலே வளைந்து நின்றது. சுவரில் தொங்கிய மற்றப் பூட்டுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. கறுப்புப் பூட்டு தானாக இறங்கி வந்து, சம்மட்டி அடிக்கும் பட்டடையில் உட்கார்ந்தது.

"எனக்கும் அப்படியே செஞ்சிடுங்க. வர்றவங்கெல்லாம் நீ என்ன செய்வே, நீ என்ன செய்வேன்னு கேட்டே கழுத்தறுக்கிறாங்க."

அதற்கும் செய்தார். பிறகு செய்த எல்லாப் பூட்டுக்கும் அப்படியே செய்தார். மற்ற ஊர் ஆசாரிகளும் வந்து பார்த்துப் போனார்கள்.

"இனி பூட்டியாச்சான்னு யாரைக் கேக்கிறது?" என்றாள் ஒச்சம்மாள்.

"யாரையும் கேக்க வேண்டாம்" என்றான் சன்னாசி. ஆசாரியிடம் வாங்கி வந்த கறுப்புப் பூட்டை விதை அறைக் கதவில் மாட்டிச் சாவியைத் திருப்பினான். அதைப் பிடித்துத் தொங்குகிற மாதிரி ஒரு இழு இழுத்தான். நாலு எட்டு நடந்தான். திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்தான்.

அன்றிலிருந்துதான் பூட்டு பேசுவதில்லை. நாமும் வீட்டைப் பூட்டியபின் அதனிடம் ஒரு வார்த்தை கேட்காமல், இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறோம்.