கொக்கி எப்போது கெட்டது

தூத்துக்குடியில் வலைக்கடை ஒன்றின் மாடியில் ரெஜினாள் டீச்சர் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துவந்தார். வயது முப்பத்துச் சொச்சம். அவரிடம் படிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் அவரைவிட மூத்தவர்கள்: கப்பலுக்குப் போகிறவர்கள், வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்குப் போக நினைக்கும் நர்சுகள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை கித்தேரியான் அந்தப் படிகளில் ஏறி வந்தார். சரக்குக் கப்பலில் போசன் வேலை. மேல்தளத்து ஆட்களுக்கெல்லாம் அவர்தான் தலைவர். தலை பாதி நரைத்திருந்தது.

"டீச்சர், எனக்கு முழு இங்கிலீஷும் வேண்டாம். ஒரே ஒரு வாக்கியம் போதும்."

"எந்த வாக்கியம் அண்ணாச்சி?"

நின்றபடியே சொன்னார்.

கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது உயிர்காப்புப் படகை ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். படகைத் தாங்குகிற கொக்கி, யாரும் தொடாமலே திறந்துகொண்டது. படகில் ஆள் இல்லை. தண்ணீரை ஒட்டி இருந்ததால் சேதமும் இல்லை. "இதை மாத்தணும் சார்" என்று கித்தேரியான் சொன்னார். "கிரீஸ் போடு, அடுத்த துறைமுகத்தில் பார்க்கலாம்" என்றார் கப்பலின் முதன்மை அதிகாரி. கப்பல் கிளம்பியது. நடுக்கடலில் பயிற்சி நடந்தபோது படகில் ஏறியவன் அவர் ஊர்க்காரன் சிலுவை. கொக்கி மறுபடி திறந்தது. இந்த முறை படகு உயரத்தில் இருந்தது.

"சிலுவை தப்பா கொக்கி லிவரை இழுத்தான், அதான் விழுந்துதுன்னு கம்பெனி சொல்லுது. செத்தவன் வந்து இல்லைன்னு சொல்லவா போறான்? ஊரும் அதையே சொல்லுது. அவன் பொண்டாட்டி செல்வராணி கோயிலுக்குக்கூட வர்றதில்ல."

"விசாரணையில நீங்க சொல்லலியா?"

"சொன்னேன். தமிழ்லதான் சொன்னேன். 'கொக்கி மோசம்னு தெரிஞ்சுபோச்சு'ன்னேன். மொழிபெயர்க்க வந்தவர் 'த ஹுக் ப்ரூவ்டு பேட்'னு சொல்லிட்டார். கம்பெனி வக்கீல் அதைப் பிடிச்சுக்கிட்டார். எப்போ தெரிஞ்சுது, படகு விழுந்த அன்னைக்குத்தானே? தப்பா இழுத்தா எந்தக் கொக்கியும் மோசமாத்தான் தெரியும்னு சொல்லிச் சிரிச்சார். அடுத்த தடவை நானே பேசிக்கிடுதேன்னு விசாரணை அதிகாரிகிட்ட கேட்டு வந்திருக்கேன்."

"ப்ரூவ்டுக்கு முன்னால 'ஹேட்' போடணும், எச்-ஏ-டி. ஹேட் ப்ரூவ்டு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"ஒரு சின்னச் சொல்லு. அதைப் போட்டா என்ன, போடாட்டி என்ன? நடந்தது நடந்ததுதானே டீச்சர்?"

ரெஜினாள் சுவரோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உட்காருங்க."

கித்தேரியான் உட்கார்ந்தார். நாற்காலியின் பின்னங்கால் மடங்கியது. அவர் சுவரில் சாய்ந்து, சறுக்கி, தரையில் உட்கார்ந்தார். வகுப்பில் இருந்த யாரும் சிரிக்கவில்லை. பிலோமினா என்ற நர்சு ஓடி வந்து கைகொடுத்தாள்.

"அடி பட்டுச்சா அண்ணாச்சி?" என்றார் டீச்சர்.

"இல்ல, இல்ல."

"யார் தப்பு?"

"என் தப்புத்தான். இந்த உடம்பைத் தூக்கிப் பொத்துன்னு போட்டா அது பாவம் என்ன செய்யும்?"

"நாற்காலி எப்போ கெட்டுச்சு?"

"இப்பத்தான். நான் உட்கார்ந்தப்போ."

டீச்சர் பிலோமினாவைப் பார்த்தார். அவள் தயங்கினாள். பிறகு சொன்னாள்: "நேத்தே என்னையும் கீழ தள்ளிச்சு அண்ணாச்சி. டீச்சர் பாத்துக்கிட்டுத்தான் இருந்தாங்க."

கித்தேரியானுக்கு முகம் சிவந்தது. வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"தெரிஞ்சிருந்துமா என்னை இதுல உட்கார வச்சீங்க?"

"ஆமா. மன்னிச்சுக்கிடுங்க. ஆனா ஒண்ணு சொல்லுங்க. இப்பத்தான் உங்க தப்புன்னீங்க. அதுக்குள்ள என் தப்பாயிட்டுது. நாற்காலி அதேதான். விழுந்ததும் நீங்கதான். நடுவுல என்ன மாறுச்சு?"

அவர் பிலோமினா பக்கம் திரும்பினார்.

"பிலோமினா ஒரு சொல் சொன்னா. 'நேத்தே'ன்னு. உங்களுக்குக் கோவம் வந்துட்டுது. அந்தக் கோவத்தை இங்கிலீஷ்ல 'ஹேட்'னு எழுதுவாங்க."

கித்தேரியான் சாய்ந்து கிடந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இறங்குவதற்கு நேரம் பிடித்தது. இறங்கியபின் அவருக்குச் சிலுவையின் முகம் ஞாபகம் வந்தது. படகில் ஏறும்போது அவன் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

"சொல்லிக்கொடுங்க டீச்சர்" என்று தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"நம்ம தமிழ்லயும் இது இருக்கு. 'தெரிஞ்சுது'ன்னா அப்ப தெரிஞ்சுது. 'தெரிஞ்சிருந்தது'ன்னா அதுக்கு முன்னாலயே. ஆனா ஹேட் தனியா நிக்காது. எதுக்கு முன்னாலன்னு கேக்கும். அந்தக் கேள்விக்கு உங்ககிட்ட பதில் இருக்கணும்."

"இருக்கு."

அன்று முதல் தினமும் வந்தார். ஒருநாள் கவலையோடு கேட்டார்: "இன்னொருத்தர் 'ப்ரூவ்ன்'னு சொல்லுதார். ப்ரூவ்டா, ப்ரூவ்னா?"

"ரெண்டும் சரி. எதுல வேணா போங்க. ஹேட் மட்டும் கைநழுவாம பாத்துக்கிடுங்க."

விசாரணைக்கு முந்தின நாள் கம்பெனியின் ஏஜெண்டு போன் செய்தார். அடுத்த கப்பல் தயாராக இருக்கிறதாம், நல்ல சம்பளமாம், துறைமுகத்தில் நடந்தது சரியாக ஞாபகமில்லை என்று சொன்னால் போதுமாம். கித்தேரியான் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு சார்" என்று மட்டும் சொல்லி போனை வைத்தார். மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "இனி ஊர் வள்ளத்துல மீன்பிடிக்கத்தான் போகணும் போல" என்றார். "போனா என்ன, அதுவும் கடல்தானே" என்றாள் அவள்.

விசாரணை அறையில் குளிர்சாதனம் இரைந்தது. கித்தேரியான் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்துக்கொண்டார். இங்கிலீஷில், ஒவ்வொரு சொல்லாக இறக்கினார்.

"சார், த ஹுக் ஹேட் ப்ரூவ்டு பேட்."

வக்கீல் எழுந்தார். போன தடவை ப்ரூவ்டு என்றாரே, இப்போது ஹேட் ப்ரூவ்டு என்கிறாரே, இடையில் யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார்.

"மை டீச்சர், சார். இங்கிலீஷ் அவங்க கொடுத்தது. பார்த்தது நான்."

விசாரணை அதிகாரி கையமர்த்தினார். பேனாவை எடுத்துக்கொண்டு, நிதானமாக, ஒரே சொல்லில் கேட்டார்.

"பிஃபோர்?"

எதற்கு முன்னால்? இத்தனை நாளும் அவர் காத்திருந்த கேள்வி. கப்பல் துறைமுகத்தை விடுவதற்கு முன்னால் என்றார். சிலுவை அந்தப் படகில் கால் வைப்பதற்கு முன்னால் என்றார். நான் அங்கே நின்றேன், முதன்மை அதிகாரியும் நின்றார், மாற்றச் சொன்னேன், மாற்றவில்லை என்றார். இங்கிலீஷ் அங்கங்கே தடுக்கியது. விசாரணை அதிகாரி நிறுத்தாமல் எழுதிக்கொண்டே போனார்.

எதிர்வரிசையில் முதன்மை அதிகாரி தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். வக்கீல் அவரைப் பார்த்தார். பிறகு மேலே கேள்வி கேட்காமல் உட்கார்ந்துவிட்டார்.

தீர்ப்பை ஒத்திவைத்தார்கள்.

ஊர் திரும்பியதும் கித்தேரியான் நேரே வலைக்கடை மாடிக்கு வந்தார். வகுப்பு முடிந்து எல்லாரும் போயிருந்தார்கள். ரெஜினாள் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சொல்லிட்டேன் டீச்சர்."

"தெரியுது. முகத்துலயே இருக்கு."

"பிஃபோர்னு கேட்டாங்க. சொன்னேன். எதையும் விடல."

"சந்தோசம் அண்ணாச்சி. செல்வராணி அக்காகிட்ட சொல்லியாச்சா?"

கித்தேரியான் ஜன்னல் பக்கம் திரும்பினார். செல்வராணியின் வீடு அடுத்த தெருவில்தான் இருந்தது. கப்பலிலிருந்து வந்தபின் அவர் அந்தத் தெரு வழியாகப் போவதே இல்லை.

"இன்னும் இல்ல. வெறுங்கையோட போயி செல்வராணிகிட்ட என்னத்தச் சொல்ல? தீர்ப்பு வரட்டும். சிலுவை மேல தப்பில்லைன்னு அதுல நிரூபணம் ஆகட்டும். அதுக்கப்புறம் நிமிர்ந்து போறேன்."

"சிலுவை மேல தப்பில்லைன்னு உங்களுக்கு எப்போ தெரியும்?"

"அவன் விழுந்த அன்னைக்கே தெரியும்."

"தீர்ப்பு நாளைக்கு வேற மாதிரி வந்தா?"

"வந்தா என்ன? அவன் மேல தப்பில்ல. அது மாறுமா?"

ரெஜினாள் துடைப்பதை நிறுத்தினார். கையில் ஒட்டிய சுண்ணத்தூளைத் தட்டினார்.

"அப்ப இன்னைக்கே போங்க அண்ணாச்சி. தீர்ப்பு வந்தப்புறம் போனா, தீர்ப்பு சொல்லித்தான் உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி ஆயிடும். முன்னால போனாத்தான் அது ஹேட் ப்ரூவ்டு."