அடுத்த பஸ் மாமாவும் ஆரஞ்சு டென்ட்டும்

ஜிமிக்கியை விடுடா, காது பிஞ்சிடும். காலை எடு. போர்வையை இழுத்துக்கோ. நடுவுல நடுவுல "ம்" சொல்லணும், தெரியுமில்ல? "ம்" வரலைன்னா நீ தூங்கிட்டன்னு நான் பாட்டுக்கு எழுந்து போயிடுவேன்.

"ம்."

ஒரு ஊர்ல ஒரு சில்வண்டு இருந்துச்சாம். நிஜ சில்வண்டு இல்ல, ஏழு வயசுப் பொண்ணு. விடிஞ்சதுல இருந்து அடையற வரைக்கும் ஙொய்ஙொய்ஙொய்னு பேசறதால வீடே அவளை அப்படித்தான் கூப்பிடும். அவளுக்கு ஒரே ஒரு ஆசை. ஜிமிக்கி! கிளாஸ்ல எல்லாப் பொண்ணுங்க காதுலயும் ஏதாவது ஒண்ணு ஆடும். இவ காது மட்டும் மொட்டை.

ஏன்னா அந்த வீட்டுல ஒத்தைப்படை வயசுலதான் காது குத்துவாங்க. அதுவும் ஆடி அமாவாசைக்கு, மலையடிவாரத்துல ஆத்தங்கரை அய்யனார் கோயில்ல. அதுவும் தாய்மாமா மடியில உட்கார வச்சுத்தான். மடி இல்லைன்னா ஊசி இல்லை.

"ம்."

இந்தத் தாய்மாமா இருக்காரே, அவர் பஸ் கண்டக்டர். வீட்டுக்குள்ள வந்தாலும், "உள்ள போ, உள்ள போ, நடுவுல நிக்காத, ரைட்!"னுதான் நடப்பாரு. ஏதாவது பிடிக்கலைன்னா உடனே பையைத் தூக்கிருவாரு. "நான் அடுத்த பஸ்ல போறேன்!" காபி ஆறிருச்சா? அடுத்த பஸ். சாம்பார்ல கத்தரிக்காயா? அடுத்த பஸ்.

சில்வண்டுக்கு அஞ்சு வயசா இருந்தப்போ எல்லாரும் கோயிலுக்குப் போயி, ஆத்தங்கரையில ஒரு பழைய தார்ப்பாயைக் கட்டித் தங்கினாங்க. சாரல் பிடிச்சுக்கிச்சு. சொட் சொட் சொட்னு மொத்தமும் மாமா மூக்கு மேலயே ஒழுகிச்சு. விடியறதுக்குள்ள மாமா கிளம்பிட்டாரு. மடி போச்சு, ஊசி போச்சு, காது மொட்டை.

இப்போ ஏழு. இதையும் விட்டா ஒன்பது வயசு வரைக்கும் காத்திருக்கணும். மாமா போன்ல சொல்லிட்டாரு: "வாரேன். ஆனா ஒரு சொட்டு தண்ணி என் மேல விழுந்துச்சு..."

என்ன சொல்லியிருப்பாரு?

"அடுத்த பஸ்."

அதே! நீ தூங்கலை. சரி.

அப்போ அப்பா சொன்னாரு, "நல்ல டென்ட்டா ஒண்ணு வாங்கிருவோம்." அப்பா கூட யாரு போறா? சில்வண்டு. அப்புறம் அப்பாவோட அக்கா, கோமதி அத்தை. அத்தை வரும்போது கையில ஒரு தூக்குச்சட்டி. உள்ள என்னன்னு பார்த்தா பொரிச்ச அப்பளம்!

"அக்கா, டென்ட்டு வாங்கப் போறோம், கல்யாணத்துக்குப் போகலை," அப்படின்னாரு அப்பா.

அத்தை குரல் தெரியுமா? மூக்குல இருந்து வரும். "ஏ தம்பி, கடைக்காரன் என்ன வேணா சொல்லுவான். அப்பளம் பொய் சொல்லாது. துளி ஈரம் பட்டாலும் நமுத்துப் போயிரும். எந்த டென்ட்டுக்குள்ள அப்பளம் நொறுங்குதோ அதுதான் டென்ட்டு."

கடைக்கார அண்ணாச்சி வாய் நிறைய வெத்தலை. பேசணும்னா வெளிய போயி துப்பிட்டு வரணும். அதனால பாதிப் பேச்சு கையாலதான். "ம்ம்ம்"னா வாங்க. "ம்ம்ம்ம்"னா உட்காருங்க. கடைக்குப் பின்னாடி முற்றம், அதுல பைப்பு. நனைச்சுப் பார்த்துத்தான் வாங்குவேன்னு அத்தை சொன்னதும், "ம்ம்"னு பைப்பையே கையில கொடுத்துட்டாரு.

முதல் டென்ட்டு பச்சை. யானை மிதிச்சாலும் கிழியாதுன்னு அட்டையில எழுதியிருந்துச்சு. உள்ள ஒரு அப்பளம். வெளிய அப்பா பைப்பைத் திறந்தாரு, ஷ்ஷ்ஷ்ஷ்! அஞ்சு நிமிஷம் கழிச்சு அத்தை கையை விட்டு எடுத்தா, அப்பளம் இல்லை. களி! தையல் போன வழியெல்லாம் தண்ணி உள்ள வந்திருக்கு.

"யானை மிதிச்சா கிழியாது, அப்பளம் வச்சா கரையும். அடுத்தது!"

ரெண்டாவது நீலம். சும்மா தூக்கிப் போட்டா தானா விரியும். படக்! சில்வண்டு குதிச்சா. கூரையில ஒரு சொட்டு ஒழுகலை. ஆனா தரை மெல்லிசு. கீழ தேங்கின தண்ணி மெதுவா ஊறி மேல வந்திருச்சு. அப்பளம் வெத்தலை மாதிரி துவண்டு தொங்குச்சு. சரின்னு அப்பா அதை மடிக்கப் பார்த்தாரு. அது படக்! இவரு மடிக்க, அது படக்! கடைசியில டென்ட்டு அப்பாவை மடிச்சிருச்சு. கால் மட்டும் வெளிய தெரியுது. அத்தையும் அண்ணாச்சியும் ஆளுக்கொரு காலைப் பிடிச்சு இழுத்தாங்க.

"ஹி ஹி."

சிரிக்காத, தூக்கம் போயிடும். மூணாவது ஆரஞ்சு. ரெண்டு அடுக்குத் துணி. தரை தொட்டி மாதிரி நாலு பக்கமும் ஒரு சாண் ஏறி நிக்குது. அப்பா பைப்பு அடிச்சாரு, ஷ்ஷ்ஷ்ஷ்! வாளி வாளியா ஊத்தினாரு, தடால் தடால்! அத்தை உள்ள போனா. சத்தமே இல்லை. எல்லாரும் காதைத் தீட்டிட்டு நிக்கறாங்க. அப்போ உள்ள இருந்து...

நொறுக்!

"இதுதாம்ல டென்ட்டு!"

ஆனா வெளிய வந்த அத்தை அண்ணாந்து பார்த்துட்டே நின்னா. கூரைக்குக் கீழ, ரெண்டு பக்கமும் குட்டிக் குட்டியா வலை ஜன்னல், மேல தொப்பி மாதிரி துணி. "ஏ அண்ணாச்சி, என்னது இது? உச்சியில போயி ஓட்டை போட்டு வச்சிருக்கு?"

அண்ணாச்சி, "ம்ம்! ம்ம்ம்ம்!"

"பரவால்ல, நாங்க அடைச்சுக்கிடுதோம்."

"ம்ஹூம்! ம்ஹூம் ம்ஹூம்!" ரெண்டு கையையும் ஆட்டினாரு. தாங்க முடியாம வெளிய ஓடி, ப்ளிச்சுனு துப்பிட்டு, "யம்மா, அதை மட்டும் அடைச்சிராதீங்க"ன்னு திரும்பினா, அதுக்குள்ள காசைக் கொடுத்துட்டு டென்ட்டோட இவங்க ஏறின ஆட்டோ தெரு முனையைத் தாண்டிருச்சு. டுர்ர்ர்ர்...

"ம்."

அப்புறம் ஆடி அமாவாசைக்கு முந்தின நாள் ஆத்தங்கரையில ஆரஞ்சு டென்ட்டு நின்னுச்சு. அப்பா, அம்மா, அத்தை, சில்வண்டு, மாமா. அஞ்சு பேரு. அத்தை உள்ள நின்னு எக்கி எக்கி ரெண்டு ஜன்னலையும் நல்லா அகல டேப்பால நாலு சுத்து ஒட்டிட்டா. மாமா ஆத்துல முங்கி முங்கிக் குளிச்சுட்டு ஈர வேட்டி, ஈரத் துண்டு எல்லாத்தையும் உள்ளயே கொடி கட்டிக் காயப் போட்டாரு. "எல்லாரும் உள்ள வந்தாச்சா? ரைட்!" கதவு ஜிப்பை மேல இருந்து கீழ வரைக்கும், ஸ்ர்ர்ர்ர். எறும்பு நுழைய இடம் இல்லை.

மாமா குறட்டை எப்படின்னா, மலையில பஸ் ஏறுற மாதிரி. கொர்ர்ர்... டர்ர்ர்... கியர் மாத்தி, புஸ்ஸ்ஸ். வாயைப் பொளந்து கூரையைப் பார்த்தே தூங்குவாரு.

விடிஞ்சும் விடியாம, சொட்.

மாமா நெத்தியில. சொட். மூக்குல. சொட் சொட். வாய்க்குள்ளயே ஒண்ணு!

"எவம்ல அது? மாப்ள! ஒழுகுது! ரெண்டு வருஷம் கழிச்சும் ஒழுகுது! நான் அடுத்த பஸ்ல போறேன்!"

உள்ள இருந்தவங்க அண்ணாந்து பார்த்தா, கூரை பூரா முத்து முத்தா தண்ணி. அத்தை ராத்திரி சோதனைக்குன்னு கொடியில மாட்டி வச்ச அப்பளம் ஒட்டடை மாதிரி தொங்குது. சில்வண்டு மொட்டைக் காதைத் தொட்டுப் பார்த்துக்கிட்டா. மாமாவை மறிக்கணும்னு ஜிப்பைத் திறந்து வெளிய குதிச்சு செருப்பை மாட்டினா.

செருப்பு காஞ்சு கிடந்துச்சு.

மண்ணும் புழுதியா இருக்கு. அடுப்பு விறகு கூட சருகா இருக்கு.

"மாமா! வெளிய மழையே பெய்யலை மாமா!"

"பொய் சொல்லாத, ஏட்டி. அப்போ என் மேல பெஞ்சது என்ன?"

அப்போ பார்த்து, முன்னமே எழுந்து வெளிய வந்து இட்லி ஊத்தியிருந்த அம்மா, அடுப்புல இருந்த இட்லிச் சட்டி மூடியைத் தூக்கினா. புஸ்ஸுனு ஆவி. மூடிக்கு உள்பக்கமா இருந்து தண்ணி, சொட் சொட் சொட். அம்மா மூடியைப் பார்த்தா. டென்ட்டைப் பார்த்தா. கொடியில தொங்கற ஈர வேட்டியைப் பார்த்தா. டேப்பு ஒட்டின ஜன்னலைப் பார்த்தா.

"அண்ணே, டென்ட்டு ஒழுகலை. ராத்திரி பூரா நாம வெந்திருக்கோம்."

"என்னது?"

"நம்ம மூச்சும் உங்க ஈர வேட்டியும் சேர்ந்த ஆவி. வெளிய போக வழி இல்லை. அதான் கூரையில போயி ஒட்டி..."

"அப்போ நான் இட்லிங்கிறியா?"

அத்தை சும்மா இருந்திருக்கலாம். "கண்டக்டரே, வாயைத் திறந்து தூங்கினீக பாருங்க, அதான் உங்க மேல சாஸ்தியா பெஞ்சிருக்கு. பெரிய இட்லி."

போச்சு! "தாய்மாமனை இட்லின்னு சொன்ன இடத்துல எனக்கு என்ன வேலை?" தொப் தொப் தொப்னு பையோட போயிட்டாரு.

சில்வண்டு சத்தமே போடலை. ஙொய்னு கூட இல்லை. ஒரு கல்லு மேல உட்கார்ந்துட்டா.

"பாவம்க்கா..."

பாவந்தான். இரு. மாமா பஸ் ஸ்டாப்புக்குப் போய்ச் சேர்ந்ததும் மலைக்குப் பின்னாடி இருந்து, கடகடகடகடா... டமார்! நிஜ மழை! சோஓஓஓன்னு! அக்கம்பக்கத்துத் தார்ப்பாய் எல்லாம் படபடபடன்னு பறக்குது. அம்மா, "அண்ணி, டேப்பை உரிங்க!" அத்தை, "மழை பெய்யறப்போ ஜன்னலைத் திறக்கச் சொல்லுதியா?" அம்மா, "மேல தொப்பி இருக்கு, உரிங்க!" பர்ர்ர்க்! பர்ர்ர்க்! குளுகுளுன்னு காத்து வந்துச்சு. ஒரு சொட்டு வரலை. காது குத்தற ஆசாரி ஊசிப் பெட்டியைத் தலைக்கு மேல பிடிச்சுட்டு ஓடி வந்தாரு. "யம்மா, இந்த ஆரஞ்சுல மட்டும்தான் காய்ஞ்ச இடம் இருக்கு. நல்ல நேரம் முடியப் போகுது. மாமன் எங்க?"

மாமன் எங்க?

பஸ் வந்துச்சு. மாமா சேறும் சகதியுமா ஏறப் போனாரு. அந்த பஸ் கண்டக்டர் எட்டிப் பார்த்தாரு. "யோவ், சீட்டெல்லாம் நனைஞ்சிரும். பிழிஞ்சுட்டு அடுத்த பஸ்ல வா. ரைட்!"

"ஹி ஹி ஹி!"

ஷ்ஷ்! அப்புறம் டென்ட்டு வாசல்ல ஒரு குரல். ரொம்பச் சின்னக் குரல். "ஏட்டி... மாமா வந்திருக்கேன்... திற."

சில்வண்டு ஜிப்பை ஒரு மூக்கு அளவு திறந்தா. "மாமா, உங்க மடி ஈரமா இருக்கு. ஒரு சொட்டு தண்ணி என் மேல விழுந்துச்சு, நான் அடுத்த பஸ்ல போயிடுவேன்."

மாமா பையில இருந்த துணி பூரா தொப்பலா நனைஞ்சு கிடக்கு. அப்பாகிட்டயும் கட்டியிருக்கற வேட்டியை விட்டா வேற இல்லை. காய்ஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். அத்தையோட நைட்டி. மஞ்சக் கலர். பெரிய பெரிய செம்பருத்திப் பூ. மாமா அதைப் போட்டுட்டு மீசையை முறுக்கிட்டு உட்கார்ந்தாரு. யாரும் சிரிக்கலை. ஆசாரி மட்டும் மூணு தடவை இருமினாரு.

சில்வண்டு மடியில ஏறினா. மாமா அவ கையைக் கெட்டியாப் பிடிச்சாரு. ஊசி... சுருக்!

"ஆஆஆ!" அது மாமா. சில்வண்டு கத்தவே இல்லை.

அப்போ அவ உச்சந்தலையில, சொட்.

எல்லாரும் அண்ணாந்து பார்த்தாங்க. கூரை காய்ஞ்சு கிடக்கு. அத்தை புதுசா தொங்கவிட்ட அப்பளத்தைக் கடிச்சுப் பார்த்தா. நொறுக்! அப்போ தண்ணி எங்க இருந்து வந்துச்சு?

மாமா நைட்டிக் கையால கண்ணைத் துடைச்சுட்டு இருந்தாரு.

சில்வண்டு உச்சந்தலையைத் தடவிப் பார்த்தா. "பரவால்ல மாமா. இந்தச் சொட்டுக்கு பஸ் கிடையாது."

...

டேய்? "ம்" எங்க?

"ம்... அந்த மாமா இப்போ எங்க?"

பக்கத்து ரூம்ல. காதை வச்சுக் கேளு. கொர்ர்ர்... டர்ர்ர்... கியர் மாத்தறாரு பாரு.

"அப்போ அந்த ஜிமிக்கி..."

விடு, ஆட்டாத. கண்ணை மூடு. மழை ஆத்துக்குப் போச்சு, பஸ் டிப்போவுக்குப் போச்சு, கதை போர்வைக்குள்ள வந்தாச்சு. தூங்கு. நான் போயி மாமா ரூம் ஜன்னலைத் திறந்து வச்சுட்டு வரேன்.